வாசலைவிடப் பெரிய தாழி

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். படகோட்டி ஹுமைதுக்கு அந்த யோசனையைச் சொன்னது நான்தான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடித்திருந்தால் இந்தக் கதையும் இல்லை. வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு கல்வீட்டின் வாசலில், தலை உள்ளேயும் வயிறு வெளியேயுமாக நான் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கவும் மாட்டேன்.

வாசல் அவ்வளவு சிறிது. மஸ்கட்டுக்கு வெகு வடக்கே, கஸப் என்கிற கடற்கரை ஊருக்கு மேலே மலையில் பூட்டு வீடு கட்டுகிற முறை அப்படி. முதலில் தாழியைக் கொண்டுவந்து வெட்டவெளியில் வைப்பார்கள். மூன்று பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும், அத்தனை பெரிய மண்தாழி. அப்புறம் அதைச் சுற்றிப் பாதி பூமிக்குள்ளும் பாதி வெளியேயுமாகக் கல்சுவர் எழுப்பி, கூரை போட்டு, ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வாசல் விடுவார்கள். கோடையில் பேரீச்சை அறுப்புக்கு ஊரே கடற்கரைக்கு இறங்கும்போது தானியத்தைத் தாழியில் கொட்டி, வாசலைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். திருடன் பூட்டை உடைத்தால்கூடக் கோதுமையைப் பிடி பிடியாகத்தான் அள்ள வேண்டும். தாழியைக் கொண்டுபோக முடியாது.

இந்தக் கதையையும் அந்த மாதிரிதான் கட்டினேன். முடிவை முதலில் நடுவில் வைத்துவிட்டேன். சுவரெல்லாம் எழுப்பி முடித்த பிறகுதான் தெரிகிறது, அது வாசல் வழியாக வெளியே வராது.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"மலைகள் கடலுக்குள் இறங்கிக் குளிக்கும் அந்த—"

(நிறுத்திவிட்டேன். மலைகள் எங்கும் இறங்கவில்லை. முப்பத்தாறு வருடமாக இங்கே படகு எஞ்சின் பழுது பார்க்கிறேன். ஒரு மலைகூட இருந்த இடத்தை விட்டு அசைந்தது கிடையாது. ஒரே ஒரு தடவை தவிர. அதை ஆறாவது பகுதியில் சொல்கிறேன்.)

"ஹுமைத் ஒரு பொய்யன்."

(உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் அடுத்து வருகிற எதையும் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பாமல் இருப்பதற்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது.)

"ஷம்ஸா ஒன்பது நாள் சாப்பிடவில்லை."

இதை வைத்துக்கொள்ளலாம்.

3

ஷம்ஸா ஒன்பது நாள் சாப்பிடவில்லை. கல்யாணமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. மத்தி வலை போடப் போன அவள் வாப்பா மர்ஹூன் வடமேற்குக் காற்றில் அகப்பட்டுக்கொண்டார். படகு தானாகக் கரைக்கு வந்தது. அவர் வரவில்லை.

(முதல் பிரதியில் நான் மர்ஹூனைச் சாகவிடவில்லை, துபாய்க்கு வேலைக்கு அனுப்பினேன். துபாய்க்குப் போனவர் வெள்ளிக்கிழமைதோறும் தொலைபேசியில் பேசிவிடுகிறார். அப்படிப்பட்டவர் குரலுக்காக யாரும் ஒன்பது நாள் பட்டினி கிடக்கமாட்டார்கள். வேறு வழியில்லாமல் கடலுக்கே திருப்பி அனுப்பினேன். மன்னித்துக்கொள்ளுங்கள், மர்ஹூன்.)

மர்ஹூனின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைக்காரர்கள் விருந்து முடிந்ததும் எழுந்து நெருக்கமாக நிற்பார்கள். நடுவில் ஒருவர் முழங்கையை மடக்கி வாயருகே வைத்துக்கொண்டு ஒரு கூவல் எழுப்புவார். ஓநாய் ஊளையிட்டது மாதிரியும் இருக்கும், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரியும் இருக்கும். சுற்றி நிற்பவர்கள் அடித்தொண்டையில் பதில் கொடுப்பார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது, உன் வீடு நன்றாக இருக்கட்டும் என்று விருந்து வைத்தவனுக்குச் சொல்லும் விதம் அது. நம் ஊர்ப் பக்கத்தில் ஏப்பத்தோடு முடித்துக்கொள்கிறோம்.

மர்ஹூன் கூவினால் மூன்று மலைக்கு அப்பால் இருப்பவனுக்கும், தான் அந்த விருந்தில் சாப்பிட்ட ஞாபகம் வந்துவிடும் என்பார்கள். மகளின் கல்யாணத்தன்று, மலையில் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில், பூட்டு வீட்டுக்கு முன்னால், அவர்தான் நடுவில் நின்று கூவினார். அதுதான் கடைசி.

பத்தாம் நாள், இருபத்துநாலு வயது ஹுமைத், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"ஷம்ஸா, உங்க வாப்பா குரல் எங்கிட்ட இருக்கு."

அவள் திரும்பினாள். பத்து நாளில் முதல் தடவை.

"என்ன சொல்றீங்க?"

"கல்யாணத்தன்னிக்கி எங்க உம்மா காலித் தாழியை மண்ணு பூசி மூடச் சொன்னாங்க. எலி பூந்துடுமாம். நான் உள்ளே மூடிக்கிட்டிருக்கேன், வெளியே உங்க வாப்பா கூவுறாரு. நேரா வாசல் வழியா வந்து தாழிக்குள்ள எறங்கிருச்சு. டக்குன்னு மூடிட்டேன்."

"தெறந்தா?"

"போயிரும்."

அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ரொட்டி இருக்கிறதா என்று கேட்டாள்.

தாழி இருந்தது உண்மை. அவன் மூடினது உண்மை. அந்த நேரத்தில் மர்ஹூன் கூவினதும் உண்மை. மூன்று உண்மையைச் சேர்த்துப் பிசைந்து ஒரு பொய் செய்தான். (கல்யாணத்தன்று எந்த மாப்பிள்ளையாவது தாழிக்கு மண் பூசுவானா என்று நீங்கள் கேட்கலாம். அவன் உம்மாவை உங்களுக்குத் தெரியாது.)

அதன் பிறகு முப்பத்தொரு வருடம், குளிர்காலம் வந்தால் ஷம்ஸா ஒரு நாள் மலைக்குப் போவாள். பூட்டு வீட்டு வாசலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்பாள். திறக்கச் சொல்லிக் கேட்டதே இல்லை. திரும்பி வந்து ரொட்டிக்கு மாவு பிசைவாள்.

4

இப்போது ஹுமைத் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். மெத்தையும் திண்டும் போட்ட மரப்படகு. மலைகளுக்கு நடுவே கடல் நீட்டிக்கொண்டு கிடக்கும் கழிக்குள் பயணிகளை அழைத்துப்போய் டால்பின் காட்டுவான். ஒவ்வொரு டால்பினுக்கும் பெயர் வைத்திருப்பதாகவும், அவற்றில் ஒன்று வெள்ளிக்கிழமை மட்டும் வராது என்றும் சொல்வான். வழியில் ஒரு செங்குத்துப் பாறையைக் காட்டி, மேலேயிருந்து விழும்போது குட்டியாக இருந்த ஆடு கீழே வந்து சேர்வதற்குள் தாடி முளைத்துவிட்டது என்பான். ஜெர்மானியர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். இத்தனை பொய்க்கும் ஒருநாள்கூட அவன் சாப்பாட்டைத் தள்ளிவைத்ததில்லை.

போன மாதம் அவன் அண்ணன் கல்ஃபான் பூட்டு வீட்டை ஒரு பயண நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்.

(கல்ஃபானைக் கெட்டவராக்க இரண்டு நாள் முயன்றேன். மீசையை முறுக்கிவிட்டேன். குரலைக் கரகரப்பாக்கினேன். மனிதர் அதற்கு ஒத்துவரவில்லை. முட்டி தேய்ந்து மலையேற முடியாதவர். யாரும் போகாமல் கூரை இடிந்து விழுவதைவிட, யாராவது வந்து படுத்துவிட்டாவது போகட்டுமே என்று நினைத்தார். அதில் என்ன கெட்டத்தனம்? மீசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

நிறுவனத்தின் ஆள் பத்ர். பணிவானவர். மஸ்கட்டிலிருந்து வந்தவர், ஆட்டு ரோமம் பட்டால் தும்முவார்.

"வாசலைப் பெருசாக்கமாட்டோம், மாமா. ஒரு கல்லைக்கூட மாத்தமாட்டோம்," என்றார். "விருந்தாளிங்களுக்கு அந்தத் தவழ்ந்து போறதுதான் புடிக்குது. உள்ளே படுக்க மட்டும் எடம் வேணும்."

"தாழி இருக்கே," என்றான் ஹுமைத்.

"அதை வெளியே எடுத்துரலாம்ல?"

"எப்படி எடுப்ப? அது வெச்சப்ப வீடே இல்ல."

பத்ர் கொஞ்சம் யோசித்தார். தும்மினார். "அப்ப உடைச்சிரலாம். வியாழக்கிழமை வர்றேன்," என்றார்.

ஹுமைத் வீட்டுக்கு வந்தபோது ஷம்ஸா சுறாக் கருவாட்டை உதிர்த்துக்கொண்டிருந்தாள். செய்தி அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"அபு ஸைஃப்," என்றாள். மூத்த மகன் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவாள். "வியாழக்கிழமை நானும் மலைக்கு வர்றேன்."

"நீ எதுக்கு? முட்டி வலிக்கும்."

"முட்டி என்னுது. வலிச்சா நான் பாத்துக்கறேன்."

"ரோடு வேற சரியில்ல."

"முந்தாநாளு யாரோ வெள்ளக்காரிங்ககிட்ட, எங்க மலை ரோடு பட்டு விரிச்ச மாதிரின்னு சொன்னீங்களாமே."

"அது அவங்களுக்கு."

"எனக்கு முள்ளா?" கருவாட்டைத் தட்டில் போட்டுக் கையைத் தட்டினாள். "முப்பத்தொரு வருஷம் வாசலுக்கு வெளியே நின்னுட்டு வந்துட்டேன். தெறந்தா போயிரும்னீங்க, கேக்கல. இப்ப உடைக்கத்தான் போறாங்க. போறது போகட்டும். போற வழியில என் காதுல பட்டுட்டுப் போகட்டும்."

அன்றைக்கு ஹுமைத் ரொட்டியைத் தொடவில்லை.

5

மறுநாள் என் பட்டறைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் வந்து உட்கார்ந்தான். இங்கே எல்லோருக்கும் நான் மிஸ்திரிதான். என் பெயரே எனக்குச் சில நாள் மறந்துபோகும்.

"மிஸ்திரி, ஓடாத எஞ்சினையெல்லாம் ஓட வெக்கிறியே. இதுக்கு ஒரு வழி சொல்லு."

முழுவதையும் அப்போதுதான் எனக்குச் சொன்னான். முப்பத்தொரு வருடத்தில் வேறு யாரிடமும் சொன்னதில்லையாம்.

"உண்மையச் சொல்லிடு," என்றேன்.

"எந்த உண்மைய? உங்க வாப்பா ரெண்டாந்தடவையும் செத்துட்டாருன்னு அவகிட்ட சொல்லவா?"

வழி தெரியாத நேரத்தில் மனிதன் சும்மா இருக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன்.

"அவ வர்றதுக்கு முன்னாடி போய், மூடியத் தெறந்து, நீயே உள்ளே கூவி, திருப்பி மூடிடு. காலியா இருக்கறதுக்கு ஏதோ ஒண்ணு இருக்கட்டுமே."

எழுபத்தொரு வயது ஆள் பேசுகிற பேச்சா இது? ஆனால் ஹுமைத் என்னை அதிசயம் போலப் பார்த்தான். ஓர் ஆட்டுக்கு நடு வானத்தில் தாடி முளைக்கவைத்தவனுக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை.

6

வியாழக்கிழமை விடிந்ததும் மேலே போனோம். மூடுபனி கீழே கடலை முழுதாக மூடியிருந்தது. மலைகள் மட்டும் வெளியே நின்றன. பார்த்துக்கொண்டே இருந்தால், வெள்ளைக் கடல் ஒன்று கீழே இருக்கிறது, நாங்கள் கறுப்புப் படகுகளில் நிற்கிறோம், படகுகள் மெல்ல எங்கோ போய்க்கொண்டிருக்கின்றன என்று தோன்றியது. எஞ்சின் சத்தமில்லாத பயணம். எனக்கு அது பழக்கமில்லை.

ஹுமைத் இடுப்பிலிருந்து இரும்புச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான். மலைக்காரர்கள் ஊன்றுகோல் போலக் கையில் வைத்திருக்கும், காம்பு நீண்டு தலை சிறுத்த கோடாரியை முன்னால் தள்ளிவிட்டுத் தவழ்ந்து உள்ளே போனான். நானும் முயன்றேன். என் வயிறு மறுத்துவிட்டது. வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

உள்ளே தட்டும் சத்தம். காய்ந்த மண் உதிரும் சத்தம். மூடி நகரும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

பிறகு ஒரு கூவல். கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொரு கூவல்.

மலை அசைந்தது அப்போதுதான். எதிரே இருந்த பெரிய மலை, காது மந்தமானவர் பேச்சைக் கேட்கச் சாய்வது போல, எங்கள் பக்கமாக அரை விரற்கடை சாய்ந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் காலை அகட்டி நின்றுகொண்டன. ஒரு கூழாங்கல் உருண்டது. அப்புறம் மலை நிமிர்ந்துவிட்டது. இதை நான் யாரிடமும் வற்புறுத்துவதில்லை. ஆடுகளைக் கேட்டால் சொல்லும்.

ஹுமைதின் தலை வாசலில் தெரிந்தது. முகமெல்லாம் காய்ந்த மண் தூசி.

"மிஸ்திரி, நான் கூவுறதுக்கு முன்னாடி நீ கூவினியா?"

"எனக்கு எங்க கூவ வரும்? நான் இருமினாலே உங்க ஊரு ஆடு சிரிக்குது."

"அப்ப யாரு?"

"நீ எத்தன தடவ கூவின?"

"ஒரு தடவ."

"எதிரொலியா இருக்கும்."

"எதிரொலி முன்னாடி வருமா?"

கீழே பனிக்குள் எங்கோ ஒரு படகு எஞ்சின் இருமியது. பிறகு ஹுமைத், குடிக்க வைத்திருந்த தண்ணீரை வாங்கிக்கொண்டு உள்ளே போய், மண் குழைத்து மூடியைத் திருப்பிப் பூசினான். அவன் விரல்கள் தாழியின் கழுத்தில் வழுக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மூடியைத் திறந்து மர்ஹூனின் குரலை அவனே வெளியே அனுப்பிவிட்டானா, அல்லது அனுப்புவதற்கு அங்கே எதுவுமே இருக்கவில்லையா? மூடிய பிறகு அதைக் கேட்டு என்ன பயன்?

7

முடிவுகள். எழுதிக் கிழித்தவை.

தாழியை உடைக்கிறார்கள். ஒன்றுமில்லை. அடியில் ஒரு செத்த தேள் மட்டும். ஷம்ஸா தேளைப் பார்த்துக்கொண்டே—

(வேண்டாம். தேளுக்கு அவ்வளவு பெரிய இடம் தருவதற்கில்லை.)

கடைசி நிமிடத்தில் பத்ர் மனம் மாறி, தாழி அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு—

(இதைப் பத்ரிடமே சொல்லிப் பார்த்தேன். "நான் மனசு மாறினா எங்க மேலாளர் ஆளையே மாத்திருவாரு, மாமா," என்றார். நியாயம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டாரென்றால் அது ஆட்டு ரோமம் பட்டதால்.)

ஷம்ஸாவுக்கு எல்லாமே முதல் நாளிலிருந்து தெரியும். தெரிந்தேதான் முப்பத்தொரு வருடம்—

(இதை முழுப் பக்கம் எழுதிவிட்டேன். சுகமாக வந்தது. அவ்வளவு சுகமாக வந்ததால் சந்தேகம் தட்டியது. ஒன்பது நாள் பட்டினி கிடந்தவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒரு எஞ்சின் மிஸ்திரி தீர்மானிக்கலாமா? கிழித்தேன். இந்தத் தாளைக் கிழிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.)

8

இனி நடந்தது.

பத்தரைக்குப் பத்ரின் வண்டி வந்தது. ஷம்ஸா இறங்கினாள். புது உடுப்பு. பெருநாளுக்கு எடுத்து வைத்திருந்தது. என்னைப் பார்த்து, "மிஸ்திரி, நீங்களும் விருந்துக்கா?" என்றாள். நான் சிரித்து வைத்தேன். வேறு யாரையும் பார்க்காமல், முட்டியை மண்ணில் ஊன்றி, முப்பத்தொரு வருடம் வெளியே நின்ற வாசலுக்குள் தவழ்ந்து போனாள். ஹுமைத் முன்பே உள்ளே இருந்தான், கோடாரியோடு; நானே உடைக்கிறேன் என்று பத்ரிடம் சொல்லி வைத்திருந்தான். பத்ர் நாகரிகமாகத் தள்ளிப்போய் ஆடுகளிடமிருந்து முகத்தைத் திருப்பி நின்றார்.

நான் குனிந்து தலையை மட்டும் உள்ளே விட்டேன். இருட்டு பழக நேரமாயிற்று. தாழி அறையை நிறைத்து உட்கார்ந்திருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பேரும் ஒடுங்கி நின்றார்கள். கல்யாணப் படத்தில் நிற்பது போல.

ஷம்ஸா தாழியை உடனே தொடவில்லை. பிறகு கையை வைத்து, வயிற்றிலிருந்து மேலே கழுத்துக்கு மெல்லத் தடவிக்கொண்டு போனாள். மூடியைச் சுற்றிப் பூசிய மண்ணில் அவள் விரல் வந்ததும் நின்றது.

விரல் உள்ளே போயிற்று.

ஹுமைதுக்கும் எனக்கும் வயதைக் கூட்டினால் நூற்றிருபத்தாறு. குளிர்காலத்தில், வெயில் படாத அறையில், மண் காய நாலு நாளாவது ஆகும் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விரலை எடுத்து, வாசல் வெளிச்சத்தில், அதாவது என் முகத்துக்கு நேராக, பிடித்துப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அபு ஸைஃப்."

"ம்."

"மண்ணு ஈரமா இருக்கு."

கோடாரிக் காம்பு சுவரில் உரசியது.

"முப்பத்தொரு வருஷமா காயல," என்றாள். "வாப்பா மூச்சு பட்டுப் பட்டு ஈரமாவே இருந்திருக்கு. இல்ல?"

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். எந்தக் குரலில் சொன்னாள் என்பதைத்தான் எட்டு தடவை எழுதி எட்டு தடவையும் அடித்துவிட்டேன். கேலி என்றும் எழுதினேன். நம்பிக்கை என்றும் எழுதினேன். பொய் சொல்லியே பிழைத்தவனுக்கு அவன் பாணியிலேயே ஒரு பொய்யைப் பரிசாகக் கொடுத்தாள் என்றும் எழுதினேன். இருட்டில் முகம் தெரியவில்லை. கண்ணை மூடியிருந்தவனுக்குத் தெரிந்திருக்கவும் முடியாது.

"ஷம்ஸா," என்றான் ஹுமைத். முப்பத்தொரு வருடத்தில் அவன் அவளை உம் ஸைஃப், ஸைஃபின் உம்மா, என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் இரண்டாவது தடவை. "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்—"

"சத்தம் போடாதீங்க. கேக்கணும்."

"இல்ல, நான் காலையில—"

"யாரு குரல் வந்தாலும் எனக்குத் தெரியும்," என்றாள். "ரெண்டும் எனக்குத் தெரிஞ்ச குரல்தான். உடைங்க."

நான் கண்ணைத் திறந்தபோது அவன் கோடாரியை ஓங்கினான். அந்த இடத்தில் முழுதாக ஓங்க முடியாது. முழங்கை சுவரில் இடிக்கும். மடக்கிப் பிடித்தான். கை வாயருகே வந்து நின்றது, அங்கே கூவுகிறவர்கள் வைத்துக்கொள்வது போல. ஷம்ஸா தலையைச் சாய்த்து, முக்காட்டை ஒதுக்கி, வலது காதைத் தாழியில் வைத்தாள்.

இவ்வளவுதான் என்னால் வெளியே கொண்டுவர முடிந்தது. மீதி உள்ளே இருக்கிறது. நான்தான் சொன்னேனே, அது வைத்தபோது வீடே இல்லை.

நீங்கள் இவ்வளவு நேரமாக என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மூச்சு கழுத்தில் படுகிறது. பரவாயில்லை. என்னைவிட மெலிந்தவராகத் தெரிகிறீர்கள். இதோ, நகர்ந்துகொள்கிறேன்.

முட்டியை ஊன்றுங்கள். தலையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், மேல்கல் கூர்மை. உள்ளே போனதும் பேச வேண்டாம், கேட்க வேண்டும்.